வீட்டிலிருந்தே பணிபுரியும் அணிக்குத் தீபாவளி: எந்த வழி தகும்?

எங்கள் மென்பொருள் அணியில் 14 பேர் இருக்கிறோம். சென்னையில் 4 பேர், கோவையில் 2 பேர், பெங்களூரில் 2 பேர், திருநெல்வேலி, கோவில்பட்டி, நாகர்கோவில், கீழக்கரை, லக்னோ, கொல்கத்தா ஆகிய ஊர்களில் ஒவ்வொருவர் என்று அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். வாடிக்கையாளர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஆவணி, புரட்டாசி வாக்கில் நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கி, பண்டிகைக்கு உங்கள் அணிக்கு ஏதேனும் செய்யுங்கள் என்று அணித்தலைவர்களுக்குக் கடிதம் அனுப்பும். அந்த ‘ஏதேனும்’ என்னவென்று முடிவு செய்யும் பொறுப்பு 2021 முதல் என்னிடம் இருக்கிறது. வீடியோ அழைப்பில் கூடுவது, வீட்டுக்குப் பரிசுப் பொட்டலம் அனுப்புவது, பரிசு அட்டை கொடுப்பது, எல்லோரையும் ஓர் ஊருக்கு வரவழைப்பது, எதுவும் செய்யாமல் விடுமுறையை மட்டும் உறுதியாகக் கொடுப்பது என ஐந்து வழிகள் நம் முன்னால் இருக்கின்றன. இவற்றில் எதையும் நான் கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை. ஐந்தையும் ஏதோ ஓர் ஆண்டில் செய்து பார்த்திருக்கிறோம். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கான முடிவை எடுப்பதற்காக எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்ற அணித்தலைவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் பண்டிகைக்கு முந்தைய நாள் எல்லோரும் பட்டிலும் வேட்டியிலும் வருவார்கள், வாசலில் கோலம் இருக்கும், மதியத்துக்கு மேல் இனிப்புப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கோ எழும்பூருக்கோ ஓடுவார்கள். அந்த ஓட்டத்தோடு அலுவலகம் பின்னால் போய்விடும். பண்டிகை ஊரில் தொடங்கும். வீட்டிலிருந்தே பணிபுரிபவருக்கு அந்த வாசற்படி இல்லை. முறுக்குப் பிழியும் அடுக்களைக்கும் மடிக்கணினி இருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது, பல வீடுகளில் அதுவும் கிடையாது. ஆகவே அணியாக எப்படிக் கொண்டாடுவது என்று கேட்பதற்கு முன்னால், கொண்டாட்டம் நடக்கும் அந்த வீட்டிலிருந்து வேலையை எப்படி வெளியேற்றுவது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதை நான் மிகவும் தாமதமாகவே புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வழியையும் இப்போது இந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன்.

வீடியோ அழைப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் செலவில்லாதது என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். 2021-இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. முந்தைய நாள் இரவு 7 மணிக்கு எல்லோரும் புத்தாடையோடு வர வேண்டும், விளையாட்டு உண்டு, சிறந்த கோலத்துக்குப் பரிசு உண்டு என்று அறிவித்திருந்தேன். 14 பேரும் வந்தார்கள். தலைவர் அழைத்தால் வராமல் இருப்பது எப்படி? திருநெல்வேலியில் இருக்கும் சகப் பணியாளர் கேமராவை அணைத்து வைத்திருந்தார். இணையம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு முறை முகத்தைக் காட்டுங்களேன் என்று நான்தான் வற்புறுத்தினேன். கேமரா திறந்தபோது அவர் காதில் ஹெட்செட்டை மாட்டியபடி அடுப்படியில் நின்று அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். கையில் கரண்டி, நெற்றியில் வியர்வை, பின்னால் குழந்தை சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் தீபாவளிக்கு முந்தைய இரவு என்பது நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஆண்டிலேயே வேலை மிகுந்த இரவு என்பதை மறந்துவிட்டு அந்த நேரத்தில் கட்டாயக் கேளிக்கை ஒன்றை நான் வைத்திருந்தேன் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்காக வீடியோ அழைப்பே பயனற்றது என்று சொல்லமாட்டேன். நேரத்தை மாற்றினால் அதே கருவி வேறு விதமாக வேலை செய்கிறது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை 3 மணிக்கு, அதாவது வேலை நேரத்துக்குள், 40 நிமிடம் மட்டும் கூடினோம். விளையாட்டு, போட்டி எதுவும் கிடையாது. அவரவர் வீட்டில் அந்த வாரம் நடப்பதில் ஒன்றைக் காட்டலாம் அல்லது சொல்லலாம், விருப்பமில்லாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். திருநெல்வேலிக்காரரின் அம்மா கேமரா முன் வந்து உட்கார்ந்து தீபாவளி லேகியம் கிளறிக் காட்டினார். இஞ்சியைத் தட்டிச் சாறு எடுத்து, சுக்கு, ஓமம், திப்பிலி, கொத்தமல்லி விதை ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, வெல்லம் போட்டு, நெய் பிரிந்து வாணலியின் ஓரத்தை விட்டு விலகி வரும்வரை அவர் கிளறியதை, லக்னோவில் இருப்பவர் உட்படப் பத்துப் பதினைந்து பேர் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெறும் வயிற்றில் இதை ஓர் உருண்டை சாப்பிடுவோம் என்று அவர் சொன்னதும், கொல்கத்தா நண்பர் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னார். நாம் நரக சதுர்த்தசி என்று சொல்லும் அதே சதுர்த்தசியை அவர்கள் பூத சதுர்த்தசி என்கிறார்கள். அன்று 14 வகைக் கீரையைச் சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டு, இரவில் வீட்டைச் சுற்றி 14 விளக்கு ஏற்றுகிறார்கள். மூன்று ஆண்டுகள் அவரோடு தினமும் பேசிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

வேலை நேரத்துக்குள், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், வராதவரின் பெயரைக் குறிக்காமல் நடத்தும் அழைப்பு நல்லது என்பதே இதில் என் கணிப்பு. தீபாவளியன்றும் அதற்கு முந்தைய மாலையும் எந்த அழைப்பும் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. பட்டாசு வெடிப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் 2 மணி நேரமாகக் கட்டுப்படுத்திய பிறகு, தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பிரித்து வைத்தது. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த இரண்டு மணி நேரமும் பெற்றோர் தெருவில் நிற்க வேண்டிய நேரம். அதில் ஐந்து நிமிடத்தைக்கூட அலுவலகம் கேட்கக் கூடாது.

பரிசுப் பொட்டலத்துக்கு வருகிறேன். 2022-இல் நிறுவனப் பரிசுகளை அனுப்பும் ஒரு கடையில் 14 பெட்டிகளுக்குச் சொன்னோம். முந்திரி, பாதாம், மணமூட்டிய மெழுகுவத்தி, நிறுவனத்தின் பெயர் பொறித்த கோப்பை என எல்லாப் பெட்டியிலும் ஒன்றே இருந்தது. பெட்டி அழகாகத்தான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த மூவருக்கு அது போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அவர்கள் அதற்குள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கூரியர்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டு முகவரி எது என்று கேட்டிருந்தோமே தவிர, தீபாவளியன்று எந்த ஊரில் இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியை விட்டதால் வரும் மனக்குறை சிறியதல்ல, ஏனென்றால் 11 பேர் வாட்ஸ்அப் குழுவில் பெட்டியின் படத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற மூவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அடுத்த ஆண்டு ஊரின் மணம் இருக்கட்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ்நாட்டுக்குள் அது இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது, நன்றாக இருந்தது. லக்னோவுக்கு ஐந்து நாளாயிற்று. பண்டிகைக் கால நெரிசலில் கூரியர் கிடங்கில் கிடந்த பால் பண்டம் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் மூடியைத் திறந்து உடனே மூடிவிட்டதாகப் பல மாதங்கள் கழித்து, நான் மறுபடியும் கேட்ட பிறகுதான் சொன்னார். தொலைவுக்குப் போகும் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட ஆயுளைப் பார்க்க வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் மணப்பாறை முறுக்கும் எந்தக் கூரியரையும் தாங்கும். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, முன்னது 2020-இலும் பின்னது 2023-இலும். பால் இனிப்பு, நீர்ப் பதம் உள்ள அல்வா, தேங்காய் சேர்ந்தவை ஆகியவற்றைத் தொலைவுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது. பட்டாசை எக்காரணம் கொண்டும் அஞ்சலிலோ கூரியரிலோ போடக் கூடாது, வெடிபொருளை அனுப்புவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சிவகாசிப் பக்கத்தில் உறவினர் உள்ள யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இதைக் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

பரிசுப் பொட்டலம் உயிர் பெற்றது 2024-இல்தான். ஒரே கடையிலிருந்து 14 பெட்டி வாங்குவதற்குப் பதில், சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பண்டம் ஒன்றைத் தனக்கு விழுந்த பெயருக்கு உரியவருக்கு அனுப்ப வேண்டும், பணத்தை நிறுவனம் திருப்பித் தரும் என்று வைத்தோம். நம் ஊர் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் டிசம்பரில் விளையாடும் கிறிஸ்மா கிறிஸ்சைல்டு விளையாட்டின் சாயல்தான் இது, மறைவாகச் சீட்டு எழுதிச் சேட்டை செய்யச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிட்டோம், அது ஒரே அறையில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். லக்னோவிலிருந்து எள்ளும் சர்க்கரையும் சேர்த்த ரேவடி நாகர்கோவிலுக்கு வந்தது, நாகர்கோவிலிலிருந்து நேந்திரங்காய் வறுவல் கோவைக்குப் போனது, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொல்கத்தாவுக்குப் போனது. கொல்கத்தாக்காரர், ஈச்ச வெல்லம் குளிர்காலத்தில்தான் கிடைக்கும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு டிசம்பர் கடைசியில் அனுப்பினார். பொட்டலத்துக்குள் அவரவர் கையெழுத்தில் நான்கு வரி இருந்தது. நிறுவனக் கோப்பையை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடிதங்களில் இரண்டை நான் மேசையில் வைத்திருக்கிறேன். பண்டிகைக்கு 12 நாளுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும், ஒப்பந்தப் பணியாளர்களையும் சீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு இந்த வழியை நான் மனமார ஏற்கிறேன்.

பரிசு அட்டையைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அனுப்புவது எளிது, எல்லோருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும், யாருக்கும் பிடிக்காமல் போகாது. ஆனால் பெறுபவர் அதைப் போனஸின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார், அப்படிப் பார்ப்பதில் தவறும் இல்லை. தீபாவளிப் போனஸ் என்பது ஊதியத்தோடு சேர்ந்த உரிமை. அதை அதன் இடத்தில் ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும், கொண்டாட்டத்துக்கான தொகையை அதில் கலந்தால் இரண்டுமே மதிப்பிழக்கும். வரியும் ஒரு பக்கம் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில், பொருளாகவோ பரிசுச் சீட்டாகவோ கொடுப்பது ஆண்டுக்கு மொத்தமாக 5,000 ரூபாய்க்குள் இருந்தால் ஊழியருக்கு வரி இல்லை என்றும், ரொக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் இருந்தது. இப்போது சட்டம் புதிதாக மாறியிருப்பதால் நடப்பு வரம்பைக் கணக்காளரிடம் கேட்டுக்கொண்டே தொகையை முடிவு செய்ய வேண்டும்.

நேரில் கூடுவது இவற்றிலேயே செலவு மிகுந்தது, ஆனால் பலன் நீண்ட நாள் நிற்பதும் இதில்தான். எப்போது கூடுவது என்பதில் நாங்கள் ஒரு முறை தவறினோம். ஆண்டுக் கடைசியில் வாடிக்கையாளர் பக்கம் வேலை குறையும் என்பதால் 2023-இல் டிசம்பர் 4, திங்கட்கிழமை சென்னையில் கூடுவதாக வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. விமான நிலையத்தை மூடினார்கள், கொல்கத்தா விமானம் ரத்தானது, சென்னையில் இருந்த நால்வரில் இருவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் கூடவில்லை என்பதைவிட, அந்த நாளில் கூட்டத்துக்கான உணவுப் பட்டியலைப் பற்றி அவர்களுக்கு நான் காலையில் செய்தி அனுப்பியிருந்தேன் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் அதே விமான நிலையம் மூடப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓயும் முன்னால் கடற்கரையோரத்தில் கூட்டம் வைப்பதில்லை என்று அதன் பிறகு முடிவெடுத்தோம்.

2025 பிப்ரவரியில் திருச்சியில் இரண்டு நாள் கூடினோம். பொங்கல் முடிந்திருந்தது, மழை ஓய்ந்து வெயில் ஏறாத காலம், பிள்ளைகளின் மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பகலிலேயே ரயிலில் வந்துவிடலாம். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே 2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலும் திருச்சியில் நிற்கிறது. தீபாவளி நேரத்தில் இதே பயணத்துக்குச் சீட்டு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது தென்மாவட்டக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் நாள் அதிகாலையில் மலைக்கோட்டை ஏறினோம். திருநெல்வேலிக்காரரும் கொல்கத்தாக்காரரும் உச்சியில் உட்கார்ந்து காவிரியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் வேலையைத் தவிர மற்றதெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாகக் கடிதப் போக்குவரத்தில் இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிக்கலை ஊர் திரும்பிய வாரமே அவர்கள் இருவரும் முடித்துவிட்டார்கள். கைக்குழந்தை உள்ளவர்களும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும் வர இயலாமல் போவது இந்த வழியின் பெரிய குறை. துணைவரையோ குழந்தையையோ அழைத்துவருவதற்கான செலவையும் சேர்த்தே திட்டமிட்டால் அந்தக் குறை பாதி தீரும், முழுவதும் தீராது.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு சொல். தொழிலுக்கென்றே உள்ள பண்டிகை அதுதானே, மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலையோடு அணியாகக் கொண்டாடினால் என்ன என்று கோவை நண்பர்கள் கேட்டார்கள். எனக்கும் பிடித்த யோசனைதான். ஆனால் அதே நாள்கள் கொல்கத்தாவில் துர்கா பூஜை நாள்கள். தீபாவளியைவிட அதுவே அந்த ஊருக்குப் பெரிது, எங்கள் நண்பர் அந்த வாரம் முழுவதும் விடுப்பில் இருப்பார். ஆயுத பூஜை கொண்டாடாத நாகர்கோவில், கீழக்கரை நண்பர்களையும் கருத்தில் கொண்டு, விரும்புபவர்கள் அவரவர் வீட்டில் செய்து படத்தைப் பகிரட்டும், அணியின் பொது நிகழ்ச்சியாக வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இனி, எதுவும் செய்யாமல் விடுமுறையை மட்டும் உறுதியாகக் கொடுப்பது. கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தெரியும் இதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன், அதற்குக் காரணமான நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அன்று விடியற்காலை 5:15 மணிக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்தைய நாள் இரவு 7:45, வாடிக்கையாளர் வெளியிட்ட மென்பொருளின் புதிய பதிப்பில் கோளாறு ஏற்பட்டு எங்கள் பக்கம் எச்சரிக்கை மணி அடித்தது. அந்த வாரம் ஆன்கால் முறை, அதாவது எந்த நேரத்தில் கோளாறு வந்தாலும் உடனே வந்து கவனிக்கும் பொறுப்பு, கோவில்பட்டி நண்பருக்கு. தலையில் எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே மடிக்கணினி முன் உட்கார்ந்தார். 7:20-க்குச் சிக்கல் தீர்ந்தது. அழைப்பு முழுவதும் நானும் அதில் இருந்தேன். அவருக்குப் பின்னால் கதவருகே புதுச்சட்டை போட்ட பையன் கம்பி மத்தாப்புப் பெட்டியோடு வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். 7 மணிக்கு மேல் அவன் வரவில்லை. வெடிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பதிப்பை அன்றைக்கு வெளியிடச் சம்மதித்துக் கையெழுத்திட்டவன் நான்தான். நாள்காட்டியில் அன்று தீபாவளி என்பதை நான் கவனித்தும் இருந்தேன்; எதுவும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

நிறுவனச் செலவில் அவருக்கு அந்த ஆண்டு வந்த பண்டமும், நாங்கள் 40 நிமிடம் பேசிய நல்ல பேச்சும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகவில்லை. அதற்கடுத்த வாரமே வாடிக்கையாளரிடம் பேசினேன். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாளிலிருந்து புத்தாண்டு வரை அவர்கள் எந்தப் பதிப்பையும் வெளியிடுவதில்லை, அந்த நிறுத்தத்தை நாங்கள் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறோம். அதே போல எங்களுக்கும் தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டேன். மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள், இத்தனை ஆண்டுகளாக ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டார்கள். 2025-இல் அந்த நிறுத்தம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. தீபாவளியன்று ஒரு மணியும் அடிக்கவில்லை.

பதிப்புகளை நிறுத்தினாலும் ஆன்கால் பொறுப்பில் யாராவது இருந்தே ஆக வேண்டும், அங்கேதான் நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தொழில் நிறுவனங்களுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும், அவற்றோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் வகுக்கிறது. விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டை ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ கொடுக்க வேண்டும் என்கிறது. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் இருக்கிறது, ஆனால் ஓர் அணிக்குள் ஊருக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் மாற்று விடுமுறை என்று வைத்திருக்கிறோம். தலைத்தீபாவளி கொண்டாடுபவரை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. லக்னோ நண்பருக்குத் தீபாவளி என்பது மாலை நேர லட்சுமி பூஜை, கொல்கத்தா நண்பருக்கு இரவு நேரக் காளி பூஜை, நமக்கோ விடியற்காலை. ஒருவருக்கு ஓய்வான நேரம் மற்றொருவருக்குப் பண்டிகையின் உச்சமாக இருப்பதால், நாளை முழுதாக ஒருவர் தலையில் வைக்காமல் மணிக்கணக்கில் பிரிப்பதற்கு இது வசதியாகவும் இருக்கிறது.

தீபாவளி கொண்டாடாதவர்களிடம் அந்த நாளைத் தள்ளிவிடுவது பல அணிகளில் வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு அன்று வீட்டில் பண்டிகை வேலையில்லைதானே என்று சொல்லிச் செய்வது, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மனதை வருத்தும் செயல். அவர்களே முன்வந்து எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான நாளையும், அந்த நாளில் அவர்களுக்காக நிற்கப்போகிறவரின் பெயரையும் அதே தாளில் அப்போதே எழுதிவிட வேண்டும். ரம்ஜான் பிறை பார்த்து முடிவாவது. முந்தைய இரவுதான் நாள் உறுதியாகும். ஆகவே அதற்கு அடுத்தடுத்த இரண்டு நாள்களை ஒதுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு 25-ஆம் தேதி மட்டும் போதாது, 24-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குப் போகிறவரை அன்று மாலையிலிருந்தே விட்டுவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு, பட்டியலிலிருந்து தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆண்டுக்கு 2 உண்டு. அதைப் பார்த்து நாங்களும், யாருக்கு எது பெரிய நாளோ அதற்கு எடுத்துக்கொள்ளும்படி ஆளுக்கு 2 நாள் வைத்திருக்கிறோம். கொல்கத்தா நண்பர் அவற்றைத் துர்கா பூஜைக்கு வைத்துக்கொள்கிறார்.

இவற்றையெல்லாம் வைத்து இந்த ஆண்டுக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். நவம்பர் 5 முதல் 11 வரை எந்தப் பதிப்பும் வெளியாகாது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருவதால், விடுமுறை கரைந்துபோகாமல் இருக்கத் திங்கட்கிழமையும் அணிக்கு விடுமுறை. 5-ஆம் தேதி, வியாழக்கிழமை மாலை 3 மணிக்கு 40 நிமிட அழைப்பு; இந்த முறை லக்னோக்காரரின் வீட்டில் ரங்கோலி போடுவதைப் பார்க்கக் கேட்டிருக்கிறோம். ஊர்ப் பண்டம் மாற்றிக்கொள்வதற்கான சீட்டை அக்டோபர் இரண்டாம் வாரம் குலுக்குகிறோம், தீபாவளியன்று எங்கே இருப்பீர்கள் என்ற கேள்வியோடு. நிறுவனம் தரும் தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதற்குப் போகும். மீதி முழுவதையும் 2027 பிப்ரவரியில் திருச்சியில் கூடுவதற்கு வைத்திருக்கிறேன். பரிசு அட்டை இல்லை.

ஆன்கால் தாளையும் எழுதியாயிற்று. நவம்பர் 8, காலை 4 முதல் 8 வரை கீழக்கரை நண்பர் தானே கேட்டு எடுத்துக்கொண்டார். அதற்கு நேராக ரம்ஜானுக்கான இரண்டு நாள்களும் அவற்றில் என் பெயரும் இருக்கின்றன. 8 முதல் மாலை 5 வரை லக்னோக்காரரும் கொல்கத்தாக்காரரும் பாதிப் பாதி. மாலை 5 முதல் 9 வரை நாகர்கோவில் நண்பர். டிசம்பர் 24 மாலையிலிருந்து 25 இரவு வரை அவருக்காகக் கோவில்பட்டி நண்பர் நிற்கிறார். நவம்பர் 8 இரவு 9 மணிக்கு மேல் விடியும்வரை நான். ஆவணியில் திருமணமான கோவைக்காரரின் பெயர் தாளில் எங்கும் இல்லை. கோவில்பட்டி நண்பருக்கு நவம்பர் 8 முழுவதையும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.